அயர்லாந்தின் கணக்கும் மக்களின் கையிருப்பும்

நமது சங்கங்களின் மகாசபையில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது அங்கத்தினர்கள் இரண்டு தொகைகளைக் கவனிக்கிறார்கள். சென்ற ஆண்டில் சங்கம் செய்த மொத்த வியாபாரம் எவ்வளவு என்பது ஒன்று. செலவெல்லாம் போக நின்றது எவ்வளவு, அதில் தம் கைக்கு வருவது எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் தொகை பெரிதாயிருந்தால் சபையில் மகிழ்ச்சி உண்டாகும். இரண்டாவது தொகை பெரிதாயிருந்தால்தான் வீட்டில் மகிழ்ச்சி உண்டாகும். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பணியிலுள்ள நாம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதில்லை.

தேசங்களின் கணக்கும் இத்தகையதே. ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உண்டாகும் பொருள்கள், பணிகள் யாவற்றின் மதிப்பையும் சேர்த்து மொத்த உள்நாட்டு உற்பத்தி என்கின்றனர். அவ்வுற்பத்தியில் அந்நாட்டாருக்கே உரியதாய் நிற்பது எவ்வளவு என்பது வேறு கேள்வி. இவ்வேற்றுமையை அயர்லாந்தைப் போல் தெளிவாகக் காட்டும் நாடு ஐரோப்பாவில் வேறில்லை. விவசாயிகளின் கூட்டுறவு வேரூன்றிய நாடுகளில் அதுவும் ஒன்றாதலால், அதன் வரலாறு நமது அங்கத்தினர் அறியத்தக்கது.

பஞ்சமும் நிலமும்

1841-ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தீவின் ஜனத்தொகை ஏறத்தாழ 82 லட்சம். நிலம் பெரும்பாலும் ஜமீன்தார்களுடையது. அவர்களில் பலர் இங்கிலாந்தில் வசித்தனர். குடியானவர் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வயிறு வளர்த்து, மற்ற விளைவைக் குத்தகைக்குக் கொடுத்தனர். கம்பளி நெசவும் முன்னரே ஒடுக்கப்பட்டிருந்தது. அயர்லாந்துக் கம்பளித் துணி வெளிநாடுகளுக்குச் செல்வதை 1699-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு தடை செய்தது. கைத்தொழில் நலிந்த இடங்களில் நிலமொன்றே கதியாயிற்று.

1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் ஒரு நோய் பரவியது. அடுத்தடுத்துப் பயிர் அழிந்தது. 1852 வரையில் நீடித்த அப்பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பஞ்ச காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடைகளும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டேயிருந்தன. விளைவித்தவனுக்கு விளைவின்மேல் உரிமை இல்லையாதலால், நாட்டில் பொருள் இருந்தும் அவன் பட்டினி கிடந்தான்.

நிலத்தின் பொருட்டு நெடும்போர் நிகழ்ந்தது. 1879-இல் மைக்கேல் டேவிட் முயற்சியால் தேசீய நிலச் சங்கம் தோன்றியது. குத்தகைக் கொடுமையை எதிர்த்து மக்கள் ஒன்றுபட்டனர். அதன் பயனாகப் பல சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் சிறந்தது 1903-ஆம் ஆண்டின் விண்டம் சட்டம். அரசாங்கம் கடன் கொடுத்துக் குடியானவன் நிலத்தை வாங்கச் செய்தது. அவன் அக்கடனை 68½ ஆண்டுகளில் தவணையாகச் செலுத்த வேண்டும். முதல் உலகப்போர் தொடங்குமுன்னரே குடியானவரிற் பெரும்பாலோர் நிலத்துக்கு உடையவராகிவிட்டனர், அல்லது உடையவராகும் வழியில் இருந்தனர்.

ஐம்பது கூட்டங்கள்

நிலம் கிடைத்தாற் போதுமா? விளைவை விற்கத் தெரிந்தாலன்றோ நிலத்தால் பயன்? இக்கேள்வியை எழுப்பியவர் சர் ஹோரேஸ் பிளங்கெட். 1854-இல் பிரபு குலத்திற் பிறந்த இவர், சில ஆண்டுகள் அமெரிக்காவில் கால்நடைப் பண்ணை நடத்தித் திரும்பியவர். அக்காலத்தில் லண்டன் சந்தையில் டென்மார்க் வெண்ணெய் அயர்லாந்து வெண்ணெயைப் பின் தள்ளிக்கொண்டிருந்தது. வீடுதோறும் தனித்தனியே கடைந்த வெண்ணெய் ஒரே தரமாயிராது. இயந்திரத்தாற் பிரித்த பாலேட்டிலிருந்து எடுப்பதோ நாளெல்லாம் ஒரே தரமாயிருக்கும். அவ்வியந்திரம் தனி விவசாயியின் சக்திக்கு மேற்பட்டது. முதலாளி வாங்கிவைத்தால் விவசாயி பாலை விற்கும் கூலியாளாவான். பலர் கூடி வாங்கினால் தாமே உடையவராவர். பிளங்கெட் இதனை ஊர் ஊராகச் சென்று சொன்னார்.

ஐம்பது கூட்டங்கள் பேசிய பிறகே ஒரு சங்கம் தோன்றியது என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். புதிய சங்கம் அமைக்கச் சென்று வெறுங்கையோடு திரும்பும் ஊழியர்கள் இவ்வெண்ணை நினைவிற் கொள்வது நன்று. 1889-இல் லிமெரிக் மாவட்டத்து டிரம்காலகர் என்னும் ஊரில் முதல் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் தொடங்கிற்று. 1894-இல் இச்சங்கங்களுக்குத் தாய்ச் சங்கமாக அயர்லாந்து விவசாய அமைப்புச் சங்கம் நிறுவப்பட்டது. தாமஸ் பின்லே என்ற பாதிரியாரும், ஏ.இ. என்னும் புனைபெயரால் அறியப்பட்ட கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸலும் பிளங்கெட்டுக்குத் துணை நின்றனர். ரஸ்ஸல் சைக்கிளில் கிராமங்களைச் சுற்றி ரைபைசன் முறையில் நாணயச் சங்கங்களை அமைத்தார். அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்தில் சர் பிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கையும் ரைபைசன் வழியையே காட்டியது என்பதை நமது அங்கத்தினர் அறிவர்.

இடையூறுகள் பலவாயின. வியாபாரிகள் எதிர்த்தனர். கட்சிப் பூசலும் குறுக்கிட்டது. ஓர் ஊரில், வெண்ணெய் எடுப்பதானால் அதுவும் எங்கள் கட்சிக் கொள்கைப்படியே எடுக்கப்பட வேண்டும் என்று சிலர் வாதாடினராம்! எனினும் 1914-க்குள் ஏறத்தாழ ஆயிரம் சங்கங்கள் எழுந்தன. பால், அதிலுள்ள கொழுப்பின் அளவுப்படி விலையிடப்பட்டது. தண்ணீர் சேர்த்து அளவைப் பெருக்குவோனுக்கு அதனால் இலாபமில்லை. ஏடு நீக்கிய பால் அங்கத்தினருக்கே திருப்பித் தரப்பட்டுக் கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் உணவாயிற்று. நெசவுத் துறையிலும் ஒரு முயற்சியைக் குறிப்பிடலாம். மேயோ மாவட்டத்தில் பாக்ஸ்போர்டு என்ற வறிய ஊரில், 1892-இல் ஒரு கன்னியர் மடத்தார் கம்பளி ஆலை தொடங்கி அவ்வூராருக்கு வேலை கொடுத்தனர்.

விடுதலையும் வறுமையும்

1922-இல் தீவின் 26 மாவட்டங்கள் சுயாட்சி பெற்றன. லினன் நெசவும் கப்பல் கட்டும் தொழிலும் செழித்த வடகிழக்கு மாவட்டங்கள் ஆறும் பிரிட்டனுடனேயே நின்றன. ஆகவே புதிய அரசு பெற்றது பெரும்பாலும் வயலும் மேய்ச்சலுமே. விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் படையினர் பல வெண்ணெய் நிலையங்களை எரித்திருந்தனர். அதன்பின் எழுந்த உள்நாட்டுப் போரில், 1923-இல், பிளங்கெட்டின் இல்லமும் எரிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்து சென்று 1932-இல் காலமானார்.

புதிய அரசு ஷானன் ஆற்றில் பெரிய நீர்மின் நிலையம் அமைத்து 1929-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1932-இல் பதவியேற்ற டி வலேரா, நிலக்கடன் தவணைகளை இனி பிரிட்டனுக்குச் செலுத்த முடியாதென்றார். பிரிட்டன் அயர்லாந்துக் கால்நடைகள்மேல் தீர்வை விதித்தது. கால்நடை விலை வீழ்ந்தது. கன்றுகளைக் கொன்று தோலைக் கொண்டுவந்தால் அரசாங்கம் மானியம் தரும் நிலையும் வந்தது. 1938-இல் 1 கோடி பவுன் ஒரே தொகையாகக் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது.

உயர்ந்த சுங்கச் சுவருக்குள் சிறு தொழில்கள் சில தோன்றின. ஆனால் உள்நாட்டுச் சந்தை சிறிது. ஏற்றுமதியோ பெரும்பாலும் பிரிட்டனுக்கு விற்கும் கால்நடைகளே. மேற்கு ஐரோப்பா முழுவதும் போருக்குப்பின் விரைந்து வளர்ந்த 1950-களில் அயர்லாந்து மட்டும் தேங்கி நின்றது. அப்பத்தாண்டில் 4 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1961-இல் 26 மாவட்டங்களின் ஜனத்தொகை 28 லட்சம். 1841-இல் அதே மாவட்டங்களில் 65 லட்சம் பேர் இருந்தனர். நாட்டின் முதன்மையான ஏற்றுமதி அதன் இளைஞர்களே என்று சொல்லத்தக்க நிலை.

1958-ஆம் ஆண்டு

அவ்வாண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. நிதி இலாகாவின் செயலாளர் கென் விட்டேக்கர் "பொருளாதார அபிவிருத்தி" என்னும் அறிக்கையைத் தயாரித்தார். சுங்கச் சுவரைப் படிப்படியாகக் குறைத்தல், ஏற்றுமதிக்கு ஊக்கம் தருதல், வெளிநாட்டு மூலதனத்தை வரவேற்றல், மூலதனத்தை உற்பத்தி தரும் துறையிற் செலவிடுதல் ஆகியவை அதன் சாரம். 1959-இல் பிரதமரான ஷான் லெமாஸ் அதனைச் செயலாக்கினார். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீத வளர்ச்சியை எதிர்பார்த்தனர்; கிடைத்தது ஏறத்தாழ 4. 1967-இல் உயர்நிலைக் கல்வி இலவசமாயிற்று. இதன் பயன் உடனே தெரியவில்லை. இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது.

மற்றொன்று, பத்திரிகைகள் அதிகம் பேசாத காரியம். நோரா ஹெர்லிஹி என்னும் பள்ளி ஆசிரியை, கந்துவட்டிக்காரரிடமும் அடகுக் கடையிலும் ஏழைகள் படும் துன்பம் கண்டு, நண்பர்களுடன் டப்ளினில் முதல் நாணயச் சங்கங்களை அதே 1958-இல் தொடங்கினார். 1966-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அத்தீவில் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் நாணயச் சங்க அங்கத்தினர்.

செழிப்பும் சரிவும்

1973-இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தபோது, ஒன்பது நாடுகளில் அதுவே மிக வறியது. வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் நல்ல விலை கிடைத்தது. ஆயினும் 1980-களில் அரசாங்கக் கடன் ஓராண்டு உற்பத்திக்கு மேற்பட்டது. வேலை தேடுவோரில் நூற்றுக்கு 17 பேருக்கு வேலையில்லை. 1987-இல் அரசாங்கமும் தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகளும் விவசாயிகளும் கூடி உடன்படிக்கை செய்தனர். கூலி உயர்வு அளவோடு நிற்கும். வருமான வரி குறையும்.

அதன் பிறகு வளர்ச்சி பீறிட்டெழுந்தது. கற்ற இளைஞர், ஆங்கில மொழி, குறைந்த கம்பெனி வரி, ஐரோப்பியச் சந்தையில் தடையற்ற நுழைவு ஆகியவற்றை நாடி அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. 1990-களின் பிற்பாதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம் உற்பத்தி பெருகிற்று. "கெல்ட்டியப் புலி" என்று உலகம் வியந்தது. இவ்வளர்ச்சி வெறுங்கணக்கன்று. வேலையின்மை நூற்றுக்கு 4 அளவுக்கு இறங்கியது. வெளியேறியவர் பிள்ளை குட்டிகளுடன் திரும்பினர்.

ஆனால் 2000-க்குப் பின் வந்த செழிப்பு வேறு வகையது. வங்கிகள் வெளிநாட்டிற் கடன் வாங்கி, வீடு கட்டுவோருக்கும் வாங்குவோருக்கும் அளவின்றிக் கொடுத்தன. 2006-இல் மட்டும் சுமார் 90,000 வீடுகள் கட்டப்பட்டன. அவ்வளவும் உற்பத்திக் கணக்கிலேயே ஏறின. 2008-இல் குமிழ் உடைந்தது. வீட்டு விலை பாதியாயிற்று. வங்கிகளின் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. அவற்றைத் தூக்கி நிறுத்த 6,400 கோடி யூரோ செலவாயிற்று. 2010-இல் 8,500 கோடி யூரோ உதவித் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நிதி நிறுவனத்திடமும் ஏற்க நேர்ந்தது. கடன் வாங்காதவனும் வரியாகவும் கூலிக் குறைப்பாகவும் அதனைச் சுமந்தான். இளைஞர் மீண்டும் கப்பலேறினர், இம்முறை விமானத்தில்.

நூற்றுக்கு இருபத்தாறு

இனி நாம் முதலிற் கூறிய கேள்விக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி நூற்றுக்கு 26 வீதம் உயர்ந்ததாக 2016 ஜூலையில் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் அறிவித்தது. ஓராண்டில் இவ்வளவு வளர்ச்சியா என்று உலகமே திகைத்தது. வயல்களும் ஆலைகளும் பெருகினவா? இல்லை. வேலையிலிருந்தோர் தொகை சிறிதளவே உயர்ந்திருந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் கிரக்மன், அயர்லாந்துக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தானின் கணக்கு இது என்று கேலி செய்தார்.

நடந்தது இதுதான். சில பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் தம் காப்புரிமைகளையும் மென்பொருள் உரிமைகளையும் அயர்லாந்துக் கிளைகளின் பெயருக்கு மாற்றின. ஒரு பொருள் ஆசியாவில் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டாலும், உரிமை அயர்லாந்துக் கிளையினுடையதாயின், அவ்விலாபம் அயர்லாந்தின் உற்பத்தியாகக் கணக்கில் ஏறும். வாடகைக்கு விடும் விமானங்களை உடைய கம்பெனிகளும் அங்கே பதிவு பெற்றுள்ளன. அவ்விமானங்கள் அந்நாட்டு வானத்தைக் காணாமலே கணக்கைப் பெருக்குகின்றன.

ஒரு நெசவாளர் சங்கத்தின் முகவரியில் வெளியூர் வியாபாரி ஒருவர் தம் சரக்குகளுக்கெல்லாம் பட்டியல் போடுவதாக வைத்துக்கொள்வோம். சங்கத்தின் வியாபாரம் பத்து மடங்காகத் தோன்றும். தறியில் அமர்ந்திருப்பவனுக்குக் கூலி ஓரணாவும் கூடாது. பட்டியலுக்கென்று வியாபாரி தரும் சிறு கட்டணம் மட்டும் சங்கத்துக்கு மிஞ்சும்.

அயர்லாந்தார் கணக்கை மூடி மறைக்கவில்லை, இது பாராட்டத்தக்கது. மத்திய வங்கியின் அப்போதைய கவர்னர் பிலிப் லேன் தலைமையில் ஒரு குழு அமைத்தனர். அதன் பரிந்துரைப்படி 2017 முதல் "திருத்திய தேசீய வருமானம்" என்னும் புதிய அளவையை வெளியிட்டு வருகின்றனர். பன்னாட்டுக் கம்பெனிகள் தமக்கென வைத்துக்கொள்ளும் இலாபமும், அவற்றின் உரிமைகளுக்கும் விமானங்களுக்கும் உரிய தேய்மானமும் இதில் கழிக்கப்படுகின்றன. 2022-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தி 50,000 கோடி யூரோவுக்கு மேல். திருத்திய வருமானமோ ஏறத்தாழ 27,000 கோடி. நூறு என்று எழுதிய இடத்தில் நாட்டாருக்கு நிற்பது ஐம்பதும் சொச்சமும்.

இதனால் அக்கம்பெனிகளால் பயனில்லை என்று கொள்ளலாகாது. அவை பல லட்சம் பேருக்கு நல்ல சம்பளம் தருகின்றன. கம்பெனி வரி 2014-இல் 460 கோடி யூரோ. 2022-இல் 2,200 கோடிக்கு மேல். ஆயினும் அவ்வரியிற் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகளிடமிருந்து வருகிறது. அவை வேறிடம் பெயர்ந்தால் என்னாகும் என்று அஞ்சியே, 2024-இல் வருங்கால நிதி ஒன்றை அரசாங்கம் நிறுவியது. கணக்குப்படி உலகின் பெருஞ்செல்வ நாடுகளில் ஒன்றான அங்கே, அதே 2024-இல், வீடில்லாமல் தற்காலிக விடுதிகளில் தங்கியிருந்தோர் 14,000 பேருக்கு மேல்.

சங்கங்கள் என்னாயின?

பால் பண்ணைச் சங்கங்களும் இதே சோதனையைக் கண்டன. சிறு சங்கங்கள் இணைந்து பெரிய சங்கங்களாயின. 1986-இல் கெர்ரி மாவட்டத்துச் சங்கம், மூலதனம் வேண்டித் தன் தொழிலைப் பங்குச் சந்தைக் கம்பெனியாக மாற்றியது. வேறு சிலவும் அவ்வழியே சென்றன. பங்கு விலை ஏறிப் பல அங்கத்தினர் பெரும் பயன் அடைந்தனர் என்பது உண்மை. ஆனால் கம்பெனி உலகெங்கும் கிளை பரப்பியபோது, பாலுக்கு நல்ல விலை வேண்டும் விவசாயியின் நோக்கமும், இலாபம் வேண்டும் பங்குதாரர் நோக்கமும் ஒன்றாயில்லை. 2022-இல் கிளான்பியா கூட்டுறவுச் சங்கம், அயர்லாந்துப் பால் தொழிலில் கம்பெனி வைத்திருந்த பங்கை விலை கொடுத்துத் திரும்ப வாங்கி, "திர்லான்" என்ற பெயர் சூட்டிக்கொண்டது. கெர்ரிச் சங்கத்து அங்கத்தினரும் 2024 டிசம்பரில் தம் பால் தொழிலைத் திரும்ப வாங்க வாக்களித்தனர். விற்றதை மீட்க இரட்டிப்பு முயற்சி வேண்டியிருக்கிறது.

1984 முதல் இருந்த பால் உற்பத்திக் கட்டுப்பாடு 2015-இல் நீங்கியதும், ஆண்டுக்கு 560 கோடி லிட்டர் அளவிலிருந்த பால் 800 கோடி லிட்டருக்கு மேற்பட்டது. அங்கும் பெருக்கம் மட்டும் போதவில்லை. ஆறுகளில் உரக்கழிவு கலந்தது. நாட்டின் வெப்ப வாயுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விவசாயத்திலிருந்தே எழுகிறது. எவ்வளவு கறந்தோம் என்பதோடு, நிலமும் நீரும் எந்நிலையில் நிற்கின்றன என்பதையும் அவ்விவசாயிகள் இன்று கணக்கில் சேர்க்க வேண்டியவராயுள்ளனர்.

1961-இல் 28 லட்சமாகத் தேய்ந்த ஜனத்தொகை 2022-இல் 51 லட்சமாயிற்று. நம் கருத்தில் அயர்லாந்தின் முன்னேற்றத்துக்கு 26 வீத வளர்ச்சியைக் காட்டிலும் நம்பத்தக்க சான்று இதுவே. பிறந்த ஊரில் பிழைக்க முடியும் என்று மக்கள் நம்பினாலன்றி இது நிகழாது. பிளங்கெட் ஐம்பது கூட்டங்களில் கேட்ட கேள்வியும், லேன் குழுவினர் புள்ளிவிவர ஏடுகளைப் புரட்டிக் கேட்ட கேள்வியும் ஒன்றே: உண்டானது யாருக்கு நின்றது? அக்கேள்வியைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு சங்கத்திலும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அடுத்த மகாசபையில் ஐந்தொகையைக் கையில் வாங்கும்போது, முதல் பக்கத்துத் தொகையோடு நின்றுவிடாமல் கடைசிப் பக்கம் வரையிற் படித்துப் பார்க்குமாறு அங்கத்தினரை வேண்டிக்கொள்கிறோம்.